வேதாந்துக்குப் புது முகம்

ஹேமாங்கி கேல்கருக்கும் லலித் பிஷ்ட்டுக்கும் ஊரறிய நான்கு தடவை கல்யாணம் ஆகியிருந்தது. முதல் கல்யாணம் பெரியவர்கள் சம்மதத்தோடு. அதில் மந்திரம் சொன்ன புரோகிதர் போலி என்று தெரியவந்ததால் இரண்டாவது. அவளுக்கு நினைவு தப்பித் திரும்பி வந்தபோது மூன்றாவது. நான்காவது எதற்காக என்று கதை எழுதியவர்களுக்கே நினைவில்லை. தீபாவளி வாரத்துக்கு ஒரு கல்யாணம் வேண்டுமென்று சேனலில் கேட்டார்கள், நடத்தி வைத்தார்கள். ‘சாருவின் முற்றம்’ சீரியலில் அவள் சாரு, அவன் வேதாந்த். லக்னோவிலிருந்து லூதியானா வரை மாமியார்களும் மருமகள்களும் சண்டையை ஒத்திவைத்துவிட்டு, எட்டு மணி ஆனால் அவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

கேமராவுக்கு வெளியே அவர்களுக்கு ஒரு கல்யாணம்கூட ஆகவில்லை.

நாக்பூர்ப் பெண்ணும் இமயமலைப் பக்கத்து அல்மோடாப் பையனும் மும்பையில் சந்தித்து, தினமும் பன்னிரண்டு மணி நேரம் புருஷன் பெண்டாட்டியாக நடித்து, நடுவில் எப்போதோ நிஜமாகவே ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கிவிட்டார்கள். எப்போது என்று கேட்டால் லலித் ஒரு கதை சொல்வான். மழைக் காட்சிக்குத் தண்ணீர் லாரி வரத் தாமதமான ஒரு நாள், இருவரும் செட் படிக்கட்டில் உட்கார்ந்து வடாபாவ் தின்றார்களாம். அவள் வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாளாம். “கேமரா முன்னாடி இவ்ளோ அசிங்கமா நீ சிரிச்சதே இல்ல. அன்னிக்கு விழுந்தவன்தான் நான்” என்பான்.

இந்த விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று தயாரிப்பாளர் நளினி பென் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குஜராத்திக்காரர், அவர்கள் வழக்கத்தில் ‘பென்’ என்றால் அக்கா. எப்போதும் சோம்பு மென்றுகொண்டு, அதட்டலைக்கூட இனிப்பாகப் பேசுவார். “சேரப் போறாங்களா, மாட்டாங்களாங்கற ஏக்கத்துலதான் ஜனம் டிவி முன்னாடி உக்காருது. நிஜத்துல சேந்துட்டீங்கன்னு தெரிஞ்சா அவங்களுக்கு என்ன ஏக்கம் இருக்கும், சொல்லு?” என்பார். செட்டில் இயக்குநர் சுகாந்தோ தா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வங்காளி, ‘தா’ என்றால் அண்ணன். ஊர் வம்பு பேச அவருக்கு நேரமில்லை.

கடைசியில் பாந்த்ராவில் பதிவுக் கல்யாணத்துக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். ஒரு மாதம் காத்திருந்து, அதற்குப்பின் மூன்று மாதக் கெடு முடிவதற்குள் என்றைக்கு வேண்டுமானாலும் போய்க் கையெழுத்துப் போடலாம். போகத்தான் முடியவில்லை. ஒரு தடவை ஹோலி எபிசோட் குறுக்கே வந்தது. இன்னொரு தடவை ராஜஸ்தானில் வெளிப்புறப் படப்பிடிப்பு. கெடு முடியப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது லலித் அவளையும் அழைத்துக்கொண்டு அந்தேரியில் நளினி பென்னின் அலுவலகத்துக்குப் போனான். பதிவை முடித்துக்கொண்டு அல்மோடாவுக்குப் போகவேண்டும், அங்கே அவன் அம்மா பந்தலுக்கும் வாத்தியத்துக்கும் சொல்லிவைத்துவிட்டார், இருவருக்கும் எட்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்டான்.

நளினி பென் சிரித்தார். “உங்களுக்கு நான் நாலு கல்யாணம் பண்ணி வெச்சிட்டேனே கண்ணா, போதலையா?”

“அந்த நாலுல ஒரு பந்தியிலகூட எங்கம்மா உக்காந்து சாப்பிடல, பென்.”

“அடுத்த மாசம் பாக்கலாம். இப்போ ரேட்டிங் ஏறிட்டிருக்கு. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல அனுப்பிட்டு நான் சுவத்தையா படம் பிடிக்கறது?”

“போன தடவையும் அடுத்த மாசம்னுதான் சொன்னீங்க.”

“இப்பவும் அதையேதான் சொல்றேன். நான் பேச்சு மாறலையே.”

சேனலிலிருந்து வந்திருந்த பெண்ணும் அறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் லலித்துக்குக் கோபம் தலைக்கேறியது. “அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க பென். வேதாந்தைப் பள்ளத்துல தள்ளி விடுங்க. மூஞ்சி எரிஞ்சு போச்சு, டாக்டர் புது மூஞ்சி வெச்சிட்டாருன்னு எவனையாவது கொண்டாந்து நிறுத்துங்க. உங்க கதையில எவன் நின்னா என்ன?”

நளினி பென் சோம்பு மெல்லுவதை நிறுத்திவிட்டு சேனல் பெண்ணைப் பார்த்தார். சேனல் பெண் தலையைச் சாய்த்து யோசித்தாள். அந்தப் பார்வையிலேயே அவன் வேலை போய்விட்டது. அது ஹேமாங்கிக்கு அப்போதே புரிந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் சொன்னதை ஆமோதிக்கவும் இல்லை, அவனை அடக்கவும் இல்லை. மேஜைமேல் இருந்த பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த வாரமே வேதாந்தின் கார் பள்ளத்தில் விழுந்தது.

“நானும் வந்துடறேன். நீ இல்லாம அங்க எனக்கு என்ன வேலை?” என்று மறுநாள் அவனிடம் அழுதாள்.

“வேணாம். நீ கட்டிக் காப்பாத்தின சீரியல் அது. என் வாய்க்கொழுப்புக்கு நீ ஏன் அதை விடணும்?” என்றான் லலித். அவனுக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. “என் யோசனையை எடுத்துக்கிட்டாங்க, பாத்தியா? கதைன்னு என் பேரையாவது போடலாம்.” பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும், ஹேமா. வியாழக்கிழமை பாந்த்ரா வந்துடு. அதுதான் கடைசி நாள். கையெழுத்துப் போட்டுட்டு நீ திரும்ப செட்டுக்கே போ, நான் ஒண்ணும் சொல்லல. பந்தல் தள்ளிப்போகுதுன்னு எங்கம்மாவுக்கு அப்புறமா சொல்லிக்கலாம்.”

“வந்துடுவேன். என்ன ஆனாலும் வந்துடுவேன்.”

புது வேதாந்தாக வந்தவன் கரம்வீர். லூதியானாவில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தவன், நல்ல உயரம், இருபத்துநான்கு வயது, கள்ளம் தெரியாதவன். முதல் நாள் வந்ததும் ஹேமாங்கியின் காலைத் தொட்டு, “அக்கா, ஆசீர்வாதம் பண்ணுங்க” என்றான். செட்டே சிரித்தது. “டேய், நாளைலேருந்து அவ உன் பொண்டாட்டிடா! அக்காங்கறியே!” என்று சுகாந்தோ தா தலையில் அடித்துக்கொண்டார். அவனை வெறுக்கவேண்டும் என்று ஹேமாங்கி எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை.

வியாழக்கிழமை எடுக்கவேண்டியது அவனுடைய முகக்கட்டைப் பிரிக்கும் காட்சி. கட்டுப் பிரிந்ததும் வீட்டார் எல்லோரும் ‘இவன் யார்’ என்று திகைத்து நிற்பார்கள். சாரு மட்டும் நெருங்கி வந்து, கண்ணைப் பார்த்து, “எந்த முகத்தோட வந்தாலும் என் வேதாந்தை எனக்குத் தெரியும்” என்று சொல்லவேண்டும். பன்னிரண்டு மணிக்கு முடித்துக்கொடுப்பதாக சுகாந்தோ தா வாக்குக் கொடுத்திருந்தார். செட் இருந்த நாய்காவிலிருந்து ரயில் பிடித்தால் பாந்த்ரா ஒன்றும் தூரமில்லை. அலுவலகத்தில் நான்கு மணிவரை கையெழுத்து வாங்குவார்கள்.

ஆனால் கரம்வீருக்குக் காட்சி வரவில்லை. கட்டுக்குள் வியர்த்து, பிரித்ததும் தும்மினான். அடுத்த தடவை, தும்மல் வரவில்லை என்ற நிம்மதியில் சிரித்துவிட்டான். அதற்கடுத்ததில் கேமராவை நேராகப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் மேக்கப்காரர் மறுபடி முதலிலிருந்து கட்டுப்போட வேண்டியிருந்தது. ஹேமாங்கியின் பைக்குள் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. லலித் அனுப்பியிருந்தான்: “மூணு சாட்சியும் வந்தாச்சு. ஒருத்தன் இப்பவே லட்டுல பாதிய தின்னுட்டான். சீக்கிரம் வா.”

ஒரு மணிக்கு சுகாந்தோ தா அவளைத் தனியாக அழைத்தார். “நீ கெளம்பு. மீதிய நாளைக்கு எடுத்துக்கறேன். நளினி பென் கேட்டா லைட் கெட்டுப் போச்சுன்னு சொல்லிடறேன். போ, போய்க் கல்யாணம் பண்ணிக்கோ.”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல்வரை வந்தவள், ஏனோ திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகமெல்லாம் வெள்ளைக் கட்டோடு ஓர் ஆண் உட்கார்ந்திருந்தான். கட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. லலித்தாகவும் இருக்கலாம். இத்தனை வருஷம் அவன் உட்கார்ந்த அதே இடம், அவனுக்கு அளந்து தைத்த அதே சட்டை. பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்ற நாளிலிருந்து அவள் உள்ளே அமுக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தக் கணத்தில் அழுகையாக ஏறி வந்தது.

அவள் நல்ல நடிகை. அதனால் அது என்ன என்று அவளுக்குத் தெரியும். இப்போது கேமரா முன்னால் போய் நின்றால் அது அப்படியே வரும். நாளைக்குக் கல்யாணமான சந்தோஷத்தோடு வந்து நின்றால் வராது. இனி எப்போதுமே வராமல் போகலாம்.

“ஒரு டேக், தாதா,” என்றாள். “ஒண்ணே ஒண்ணு. எடுத்துட்டுப் போயிடறேன்.”

“நெஜமாவா?”

“இப்பவே. கிளிசரின்லாம் வேணாம்.”

அந்த டேக்கில் கரம்வீர்கூட நடித்தான். எதிரே நின்றவள் அழுத அழுகையைப் பார்த்து அவனுக்கே கண் கலங்கிவிட்டது. அவள் அவன் கன்னத்தைத் தொட்டு வசனத்தைச் சொல்லி முடித்தபோது, மாமியாராக நடித்த அம்மாள் வசனத்தை மறந்து விசும்பிக்கொண்டிருந்தார். விளக்குப் பிடித்தவர்கள் கைதட்டினார்கள். சுகாந்தோ தா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, “இந்த அஞ்சு வருஷத்துல நீ இப்படிப் பண்ணதில்ல” என்றார். “இதை நான் ஒரு பக்கத்துலேருந்து மட்டும் எடுத்துட்டு விட முடியாது, ஹேமா. நெருக்கத்துல ஒண்ணு. உன் கையை மட்டும் ஒண்ணு. பத்தே நிமிஷம்.”

அவள் சரி என்றாள். பத்து நிமிஷம் போய், விளக்கை மாற்றிவைக்க இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. மூன்றாவது கோணத்துக்கும் அவளுக்கு அழுகை வந்தது. நான்காவதுக்கும் வந்தது. கடைசியில் கைபேசியைப் பார்த்தபோது மூன்றரை ஆகப்போகும் நேரம்.

உடை மாற்றவில்லை. சாருவின் பட்டுப் புடவையோடும், வகிட்டில் சாருவின் குங்குமத்தோடும், கழுத்தில் சாருவின் தாலியோடும் ஆட்டோ பிடித்து, நாய்காவ் ஸ்டேஷனில் ஓடி ஏறினாள். பெண்கள் பெட்டியில் எல்லோருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது.

“ஐயோ, சாருடி! சாரு நம்ம வண்டில!”

“வேதாந்த் பொழச்சுட்டாரா? பள்ளத்துல விழுந்தாரே, அதைமட்டும் சொல்லிடு தாயி, ராத்திரி தூக்கமே வரல.”

“அவளை உக்கார விடுங்கடி. எவ்ளோ வேர்த்துருக்கு பாரு. ஏம்மா, எங்க இப்படி அரக்கப்பரக்க ஓடற?”

“பாந்த்ரா,” என்றாள் ஹேமாங்கி. “ஒருத்தர் காத்திட்டிருக்காரு.”

“வேதாந்தா?” என்று மீன்கூடைக்காரி ஒருத்தி கேட்டதும் பெட்டியே சிரித்தது. ஹேமாங்கியும் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியது. ஒருத்தி எழுந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தாள், இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். போரிவலியில் நின்ற வண்டி வெகுநேரம் நகரவில்லை. லலித்துக்கு மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

அலுவலகக் கட்டிடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது காவலாளி மாடிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். சாட்சிகள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சுற்றுச்சுவரை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் லலித் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக் குர்தா. முகத்தைச் சுத்தமாக மழித்திருந்தான். அவளைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தான்.

“டீ சொல்லவா?”

அவள் தலையசைத்தாள். அவன் இரண்டு டீ சொன்னான்.

“சுகாந்தோ தா விடலையா?” என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். இரண்டு நாள் சுகாந்தோ தாவைத் திட்டியிருப்பான், மறுபடி நோட்டீஸ் கொடுத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு பொய்யைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“விட்டாரு. ஒரு மணிக்கே போகச் சொல்லிட்டாரு.”

லலித் அவளையே பார்த்தான்.

“எனக்கு அழுகை வந்துடுச்சு, லலித். நெஜ அழுகை. அந்தக் கட்டுக்குள்ள நீ இருக்கற மாதிரி… இப்போ விட்டா போயிடும்னு தோணுச்சு. ஒரு டேக்தானேன்னு நெனச்சேன்.”

அவன் மேற்கொண்டு கேட்கவேண்டியதில்லை, அவனும் நடிகன். அவள் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் புரிந்தது. அவன் மட்டும் கடைக்காரனாகவோ குமாஸ்தாவாகவோ இருந்திருந்தால், ‘இதெல்லாம் ஒரு காரணமா’ என்று கத்தியிருப்பான், அவளும் காலில் விழுந்திருப்பாள் என்று பின்னாளில் ஹேமாங்கி பலதடவை நினைத்ததுண்டு.

“டேக் நல்லா வந்துதா?” என்றான்.

“வந்துது.”

“ரொம்ப?”

“ரொம்ப.”

“அப்போ சரி.” டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குடிக்கவில்லை.

“மறுபடி நோட்டீஸ் குடுக்கலாம். ஒரு மாசம்தானே, லலித்? இந்தத் தடவை நான் சத்தியமா—”

“குடுக்கலாம்.”

“திட்டேன். என்னைத் திட்டு. இப்படிப் பேசாம இருக்காத.”

“என்னன்னு திட்டறது, ஹேமா? உன் இடத்துல நான் நின்னிருந்தா நானும் ஒருவேளை அதையேதான் பண்ணியிருப்பேன். அதான் எனக்குப் பயமா இருக்கு. நீ என்னைக் காக்க வெச்சே, நாளைக்கு நான் உன்னைக் காக்க வெப்பேன். ஒரு வீடுன்னா யாராவது ஒருத்தர் கெளம்பி வரணும்ல?”

எழுந்து டீக்குக் காசு கொடுத்தான். அவள் நெற்றியில் வியர்வையோடு வழிந்திருந்த சாருவின் குங்குமத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். கண்ணில் பட்டுவிடும் என்று சொன்னான். ஆட்டோ பிடித்து அவளை ஏற்றிவிட்டான். இரண்டு நாளில் அல்மோடாவுக்குப் புறப்பட்டுவிட்டான் என்று அவன் அறை நண்பன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த எபிசோட் ஒளிபரப்பான வாரம் சீரியல் நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது. நளினி பென் செட்டுக்கே கேக் கொண்டுவந்து வெட்டினார். முதல் துண்டை ஹேமாங்கியின் வாயில் ஊட்டினார். அவள் விழுங்கினாள்.

ஒளிபரப்பான மறுநாளே லலித்தின் அம்மா போன் செய்திருந்தார். மலை ஊரில் அம்மாவை இஜா என்பார்கள். ஹேமாங்கியும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“பாத்தேன்டி,” என்றார் இஜா. “அவன் உள்ள கதவைச் சாத்திட்டு இருந்தான். நான் சத்தத்தைக் கொறச்சு வெச்சுப் பாத்தேன். ஆனா பாதியில எந்திரிச்சு வந்துட்டான். பின்னாடி நின்னு முழுசாப் பாத்தான்.”

“என்ன சொன்னாரு, இஜா?”

மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. “‘அந்தப் பார்வை என்னோடது’ன்னான். ‘பாந்த்ராவுல எனக்குக் குடுக்கவேண்டியது. ஊருக்கே குடுத்துட்டா’ன்னான். அப்புறம் சாப்பிடாமப் போய்ப் படுத்துட்டான்.”

அன்றைக்கே ரயிலேறிப் போயிருக்கவேண்டும். அவள் போகவில்லை. மும்பையை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் சில மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். கடல் காற்று பழகியவனுக்கு மலையில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதோடு தினமும் ஷிஃப்ட் இருந்தது. அவன் முதலில் போனை எடுத்து, நலமா என்று கேட்டான். பிறகு எடுப்பது குறைந்தது. அதன்பின் அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கட்டுப் பிரித்த காட்சியைப் போல இன்னொன்று வேண்டுமென்று எழுத்தாளர்கள் அவளை மறுபடி மறுபடி அழவைத்தார்கள். கிளிசரின்தான் வந்தது. ஜனங்களுக்கும் தெரிந்துபோயிற்று. ரேட்டிங் சரிந்து, சரிந்து, இரண்டு வருஷத்தில் சீரியலை மூன்று நாள் அவகாசத்தில் மூடினார்கள். கரம்வீர் கடைசி நாளில் அவள் காலைத் தொட்டு, “இப்பவாவது அக்கான்னு கூப்பிடலாமா?” என்றான்.

மறுவாரம் அவள் யாரிடமும் சொல்லாமல், மலையடிவாரம்வரை போகும் காத்கோதாம் ரயிலில் ஏறினாள். அங்கிருந்து ஜீப்பில் நான்கைந்து பேரோடு இடித்துக்கொண்டு அல்மோடாவுக்கு மலையேறினாள். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தாள். நான் கிளம்பி வந்துவிட்டேன் என்று சொன்னால் போதும் என்று கடைசியில் தீர்மானித்தாள்.

லலித் வீட்டுக் கதவைத் திறந்தவள் இருபத்துமூன்று வயதிருக்கும் ஒரு பெண். நிறைமாதம். கையெல்லாம் கேழ்வரகு மாவு. ஒரு கணம் வாய்பிளந்து நின்றவள், வீடே அதிரக் கத்தினாள். “இஜா! ஓடி வாங்க! சாரு வந்திருக்கா! நம்ம வீட்டு வாசல்ல சாரு!”

இஜா வந்தார். ஹேமாங்கியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போய், பிறகு மெல்லத் தெளிந்தது. “உள்ள வாம்மா,” என்றார். “இவ ஹன்சா. லலித்தோட பொண்டாட்டி.”

கால் தானாகவே வாசற்படி ஏறிவிட்டது. ஹன்சா அவளை அடுப்பங்கரையிலேயே, கதகதப்பான இடத்தில், பலகை போட்டு உட்காரவைத்தாள். வாய் ஓயவில்லை. “காலேஜ்ல நான் சாரு-வேதாந்த் பைத்தியம், தெரியுமா? ஹாஸ்டல்ல ஒரு நாள் விட்டதில்ல. இவருக்கு வரன் வந்தப்போ என் ஃப்ரெண்ட்ஸெல்லாம் வயிறு எரிஞ்சு போனாளுங்க. ஆனா இவரு மும்பை பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டாரு. உங்களைப் பத்திக் கேட்டா ‘நல்ல நடிகை’ம்பாரு. அவ்ளோதான். நீங்களாவது சொல்லுங்க, செட்ல இவரு எப்படி?”

“ரொம்ப நல்லவரு,” என்றாள் ஹேமாங்கி. “கோவம் மட்டும் வரும்.”

“கோவமா? இவருக்கா? எங்கிட்ட ஒரு நாள்கூட வந்ததில்லையே!”

லலித் சாயங்காலம் வந்தான். உள்ளூர் ரேடியோவில் அறிவிப்பாளனாக இருந்தான். தசராவுக்கு ராம்லீலா நாடக ஒத்திகையும் நடத்திக்கொண்டிருந்தான். கொஞ்சம் சதைபோட்டிருந்தான். அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டு, பிறகு கைகூப்பினான். இத்தனை வருஷத்தில் அவன் அவளைப் பார்த்துக் கைகூப்பியதே இல்லை.

கேழ்வரகு ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹன்சா கேட்டாள். “ஒண்ணு கேக்கணும், தப்பா நெனக்காதீங்க. அந்தக் கட்டுப் பிரிக்கற சீன். இவரு விலகினதும் இனிமே பாக்கறதில்லன்னு சபதம் போட்டிருந்தேன். ஆனா அன்னிக்குப் பாத்து அழுதேன் பாருங்க! அந்தப் புது ஆளைப் பாத்து எப்படி உங்களால அப்படி அழ முடிஞ்சுது?”

ஹேமாங்கி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். “அந்த ஆளைப் பாத்து அழல. வேற ஒருத்தரை நெனச்சுக்கிட்டேன்.”

“யாரை?” ஹன்சாவின் கண்கள் விரிந்தன.

லலித் தட்டோடு எழுந்தான். “தண்ணி கொண்டாரேன்” என்று வெளியே போனான். தண்ணீர்க் குடம் அவன் காலடியிலேயே இருந்தது.

“செத்துப்போன என் மாமா ஒருத்தரு,” என்றாள் ஹேமாங்கி.

“அடப்பாவமே!” என்று ஹன்சா உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவு ஒட்டிய அந்தக் கை சூடாக இருந்தது. இவளை வெறுக்கவும் வழியில்லை என்று ஹேமாங்கி நினைத்தாள். இஜா அடுப்பைக் கிளறிக்கொண்டே தலை நிமிராமல் இருந்தார்.

ஹன்சா எவ்வளவு கெஞ்சியும் அவள் இரண்டாம் நாள் இருக்கவில்லை. காலையில் ஜீப் கிளம்பும் இடம்வரை லலித் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடைத்தெரு முனையில் நின்று அவள் கேட்டாள்.

“ஹன்சாகிட்ட சொல்லலையா?”

“என்னன்னு சொல்றது? அவ நம்ம நாலு கல்யாணத்தையும் பாத்தவ. நடிப்புன்னு நெனச்சுட்டிருக்கா.” கொஞ்சம் நின்றான். “அப்படியே இருந்துட்டுப் போகட்டும், ஹேமா.”

“நான் கெளம்பி வந்தேன், லலித்.”

“தெரியுது.” அவன் முகம் ஒரு கணம் உடைந்தது. அவள் அதைக் கேமராவில் ஒருநாளும் பார்த்ததில்லை. “ஒரு வருஷம் காத்திருந்தேன். ஒவ்வொரு ஜீப்பையும் பாத்திட்டிருந்தேன். அதுக்கு மேல இஜா தவிக்கறதைப் பாக்க முடியல.”

பின்னாலேயே இஜா மூச்சுவாங்க வந்துவிட்டார். கையில் சின்னத் தட்டு, குங்குமம், அட்சதை. ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு நெற்றியில் வைத்து அனுப்பவேண்டும். ஹேமாங்கியின் தலையைத் தாழ்த்தி, நெற்றியில் குங்குமம் இட்டு, மேலே அரிசியை அழுத்தினார். பிறகு அவள் கைக்குள் ஒரு ரூபாய்த் தாளை மடித்து வைத்தார்.

“எதுக்கு இஜா இது?”

“வாங்கிக்கோ. பொறந்த வீட்டுக்கு வந்துட்டுப் போற பொண்ணை வெறுங்கையோட அனுப்பக்கூடாது.” கிழவி அவள் கன்னத்தைத் தடவினார். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. “இனிமே எப்போ வந்தாலும் இது உன் பொறந்த வீடு. இங்க உனக்கு ஒரு அண்ணன் இருக்கான்.”

லலித் வேறு பக்கம் திரும்பி, ஜீப்பின் மேல் பையைக் கட்டினான். வேண்டியதைவிட அதிகநேரம் கட்டினான். ஹேமாங்கி இஜாவின் காலைத் தொட்டாள். அதற்குமேல் அந்த ஊரில் அவள் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை.

ஜீப் நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி அவளை உற்றுப் பார்த்துவிட்டு, “நீ சாருதானே?” என்று கேட்டார். ஹேமாங்கி இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தம்மாள் நம்பவில்லை, ஆனாலும் மேற்கொண்டு கேட்காமல், தன் சால்வையின் ஒரு பாதியை எடுத்து அழுதுகொண்டிருந்தவளின் மடிமேல் போர்த்திவிட்டார்.